மறுவாழ்வு மிஷனின் இலவச வீடு: பணியாளரின் உரிமைகள், இடர்கள், தீர்வுகள்

குடிநோயாளிகளுக்கும் போதைப் பழக்கத்திற்கு ஆட்பட்டோருக்கும் மறுவாழ்வு அளிக்கும் கிறிஸ்தவ அமைப்புகள் தங்கள் பணியாளர்களுக்குத் தங்குமிடத்தை இலவசமாகக் கொடுப்பது நெடுநாளைய வழக்கமாகும். இத்தகைய அமைப்புகளில் சம்பளம் பெரும்பாலும் குறைவு என்பதும், மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு போன்ற பகுதிகளில் பல மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்து அந்தச் சம்பளத்தில் வீடு பிடிப்பது அரிது என்பதும், இரவு இரண்டு மணிக்கு ஒருவருக்குக் கைகால் நடுக்கம் கண்டால் ஓடிவர ஆள் வேண்டும் என்பதும் இவ்வழக்கத்திற்கான காரணங்கள். வீடு கொடுப்பவரும் பெறுபவரும் இதை ஊழியத்தின் ஒரு பகுதியாகவே கருதுவதால், அதைப் பற்றி எழுத்தில் எதுவும் இருப்பதில்லை. பணிநியமனக் கடிதத்தில் ‘தங்குமிடம் வழங்கப்படும்’ என்ற ஒரு வரி இருந்தாலே பெரிது.

இந்த ஏற்பாட்டின் இடர், வேலையும் வீடும் ஒரே கையில் இருப்பதில் தொடங்குகிறது. சிகிச்சை பெற்றுத் தெளிந்து, அதே மையத்தில் ஆற்றுப்படுத்துநராகவோ வார்டனாகவோ ஓட்டுநராகவோ சேர்ந்தவர்களுக்கு, குடியை விட்டு நிற்கத் துணையாக இருக்கும் சகோதரர்களின் கூட்டமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. ஒரு நிர்வாகியோடு ஏற்படும் மனக்கசப்பினால் வேலை போனால், கூரையும் கூட்டமும் அன்றைக்கே போய்விடும். இதற்குச் சட்டம் தரும் பாதுகாப்பு குறைவு. வீட்டுக்குள் நுழைவதற்கு முன் எழுதி வாங்கப்படும் ஒரு பக்கக் கடிதம் தரும் பாதுகாப்பு அதைவிடப் பெரிது.

பணியாளருக்கு உறைவிடம் தரும் மரபு திருச்சபை அமைப்புகளில் ஆழமாக வேரூன்றியது. 1865இல் லண்டனின் கிழக்குப் பகுதியில் வில்லியம் பூத் தொடங்கி, 1882இல் பம்பாய் வழியாக இந்தியாவுக்கு வந்த இரட்சணிய சேனையில், ‘அதிகாரிகள்’ எனப்படும் முழுநேர ஊழியர்களுக்கு அமைப்பே வீடு கொடுக்கிறது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை கதீட்ரல் சாலையில் உள்ள புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவான தென்னிந்தியத் திருச்சபையிலும் ஆயர்கள் சபைக்குச் சொந்தமான ‘பார்சனேஜ்’ எனப்படும் ஆயர் இல்லங்களில் குடியிருந்து, மாறுதல் வரும்போது காலி செய்து செல்கிறார்கள். போதை மறுவாழ்வு என்பது தனித் துறையாகச் சென்னையில் வளர்ந்தது இதற்கெல்லாம் மிகப் பிந்தி. அடையாற்றை ஒட்டிய இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் நிறுவிய, சமயச் சார்பற்ற டி.டி.கே. மருத்துவமனை 1980இல்தான் தொடங்கியது. ஆயர் இல்லத்தின் வழக்கம் மறுவாழ்வு மையத்திற்கு அப்படியே எடுத்துச் செல்லப்பட்டபோது ஒரு வேறுபாடு கவனிக்கப்படாமல் போயிற்று. ஆயருக்கு மாறுதல் வந்தால் அடுத்த ஊரில் இன்னோர் இல்லம் காத்திருக்கிறது. மறுவாழ்வு மையத்தின் வார்டனுக்கு அப்படி எதுவும் இல்லை.

தங்குமிடம் பொதுவாக மூன்று வகைப்படும். மிஷனுக்கே சொந்தமான காம்பவுண்டுக்குள் இருக்கும் பணியாளர் குடியிருப்பு ஒன்று. மிஷன் வெளியாரிடம் வாடகைக்கு எடுத்துப் பணியாளரைக் குடிவைக்கும் வீடு மற்றொன்று. மையம் இயங்கும் கட்டடத்திலேயே ஒதுக்கப்படும் அறை மூன்றாவது. கடைசி வகையில், தனி வீடு ஒன்று முழுவதுமாக வாடகைக்கு எடுக்கப்பட்டு, கீழ்த்தளத்தில் ஜெபக்கூடமும் சாப்பாட்டுக்கூடமும், முதல் மாடியில் சிகிச்சை பெறுவோரின் கட்டில்களும், மொட்டை மாடியில் தகரக் கூரை வேய்ந்த ஓர் அறையும் இருக்குமானால், அந்த மாடியறையே பணியாளரின் வீடு. அதற்குத் தனி மின்மீட்டர் இராது; தனி வாசல் இராது; கீழ்க்கதவின் சாவி நிர்வாகியிடம் இருக்கும். இம்மூன்றில் எது என்பதைப் பொறுத்தே பணியாளரின் சட்டநிலை மாறுகிறது என்பதால், முதலில் கேட்டறிய வேண்டியது கட்டடம் யாருடையது என்பதைத்தான்.

சட்டம் எங்கே நிற்கிறது

வாடகை கொடுத்து, வீட்டைத் தன் தனி அனுபோகத்தில் வைத்திருப்பவர் வாடகைதாரர். பிறருடைய இடத்தில் அவருடைய அனுமதியின் பேரில் இருப்பவர் ‘உரிமதாரர்’. அதாவது இருப்பதற்கு அனுமதி உண்டே தவிர, இடத்தின் மீது எந்த உரிமையும் அவருக்கு இல்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டம் 52ஆம் பிரிவில் இவ்வுரிமத்தை வரையறுக்கிறது. வேலையின் பொருட்டு வாடகையின்றிக் குடியிருக்கும் மிஷன் பணியாளர் பெரும்பாலும் இந்த வகையிலேயே அடங்குவார். ஒரு பதவியில் அல்லது வேலையில் இருப்பவர் என்ற காரணத்தால் தரப்பட்ட உரிமம், அந்த வேலை இல்லாமல் போகும்போது தானாகவே முடிந்துவிடுகிறது என்று அச்சட்டத்தின் 62ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அதற்கு அடுத்த 63ஆம் பிரிவைப் பலர் அறியார்: உரிமம் முடிந்தாலும், இடத்தை விட்டு வெளியேறவும் சாமான்களை எடுத்துச் செல்லவும் நியாயமான கால அவகாசம் பெற உரிமதாரருக்கு உரிமை உண்டு. ‘இன்று மாலைக்குள் காலி செய்’ என்பது சட்டப்படியான சொல் அன்று. எத்தனை நாள் நியாயமானது என்பதைச் சட்டம் எண்ணிச் சொல்லாததால், அந்த எண்ணைக் கடிதத்தில் எழுதிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வாடகைச் சட்டம் கைகொடுக்கும் என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் வீண். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், ஒரு நிறுவனம் பணி ஒப்பந்தத்தின் பகுதியாகத் தன் பணியாளருக்கு விடும் சொந்தக் கட்டடத்தைத் தன் வரம்பிலிருந்து விலக்கியுள்ளது. பழைய நிலைமையும் இதற்கு மாறாக இருக்கவில்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தபோதே, 1976 ஆகஸ்ட் 16 அன்று தமிழக அரசு பிறப்பித்த ஆணை, இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமியப் பொது அறக்கட்டளைகளின் கட்டடங்கள் அனைத்திற்கும் அச்சட்டத்திலிருந்து விலக்களித்தது; உச்ச நீதிமன்றமும் பின்னர் அந்த விலக்கு செல்லும் என்றது. ஆகவே, திருச்சபைக் கட்டடத்தில் முப்பது ஆண்டு இருந்தவரும் வாடகைதாரர் என்ற பாதுகாப்பைக் கோர இயலாத நிலை அரை நூற்றாண்டாகத் தொடர்கிறது.

நெடுநாள் குடியிருப்பினால் உரிமை பிறக்கும் என்ற பரவலான எண்ணமும் தவறானது. கோவாவைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் வழக்கில் 2012இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், காவலாளி, பராமரிப்பாளர், பணியாளர் ஆகியோர் எத்தனை ஆண்டுகள் குடியிருந்தாலும் அந்தச் சொத்தில் எந்த உரிமையும் பெறமாட்டார்கள் என்று திட்டவட்டமாகக் கூறியது. அதே ஆண்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு மடாலய நந்தவனப் பரிபாலனச் சங்கத்தின் வழக்கிலும் இதே கோட்பாடு வலியுறுத்தப்பட்டது. அறத்தின் பொருட்டு விடப்பட்ட சொத்து தனியாரிடம் கரைந்துபோகாமல் காக்கும் வகையில் இது சரியான கோட்பாடே.

எனினும் உரிமையில்லாதவரையும் அடாவடியாக வெளியேற்ற முடியாது. நிலைபெற்ற சுவாதீனத்தில் இருப்பவரைச் சட்டப்படியான நடவடிக்கை மூலமே அகற்ற வேண்டும் என்பது 2003இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்த நெறி. பூட்டை மாற்றுவது, சாமான்களை வாசலில் வைப்பது, ஈ.பி. ஃபியூஸைப் பிடுங்குவது, மேல்தொட்டிக்குப் போகும் குழாயை அடைப்பது ஆகியவை நடவடிக்கை அல்ல, வன்முறையின் வடிவங்கள். சம்மதமின்றியும் சட்டவழியின்றியும் வெளியேற்றப்பட்டவர், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்திற்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். வழக்காடுபவருக்கு அந்த இடத்தில் உண்மையான சுவாதீனம் இருந்ததா என்பதை நீதிமன்றம் ஆராயும் என்பதால், தனிக் கதவும் தனிச் சாவியும் உடைய வீட்டில் இருந்தவரின் நிலை, மாடியறையில் இருந்தவரின் நிலையைவிட வலுவாக இருக்கும்.

சம்பளத்திற்குப் பதிலாக வீடா

‘வீடும் சாப்பாடும் தருகிறோம், சம்பளம் எதற்கு’ என்ற வாதம் மறுவாழ்வு மையங்களில் கேட்கக்கூடியது என்பதால், இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். உலக அளவில் இதற்குப் பொருத்தமான வழக்கு அமெரிக்காவில் நடந்தது. ஆர்கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த டோனி அண்ட் சூசன் அலமோ ஃபவுண்டேஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு, போதைப் பழக்கத்திலிருந்தும் குற்ற வாழ்விலிருந்தும் மனந்திரும்பியவர்களைச் ‘சகாக்கள்’ என்ற பெயரில் தன் பெட்ரோல் நிலையங்களிலும் துணிக்கடைகளிலும் பன்றிப் பண்ணைகளிலும் வேலை செய்ய வைத்து, ரொக்கச் சம்பளம் இல்லாமல் உணவு, உடை, உறைவிடம் மட்டும் கொடுத்தது. தாங்கள் ஊழியம் செய்வதாகவும் சம்பளம் கேட்கவில்லை என்றும் அந்தச் சகாக்களே சாட்சியம் அளித்தார்கள். ஆயினும் 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர்கள் பணியாளர்களே என்றும், உணவும் உறைவிடமும் வேறு வடிவில் தரப்பட்ட கூலி என்றும், குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும் என்றும் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தது. வணிக நடவடிக்கை பற்றிய தீர்ப்புதான் அது. என்றாலும், தொழிலாளியே விட்டுக்கொடுக்க முன்வந்தாலும் விட்டுக்கொடுக்க முடியாத ஒரு தளம் உண்டு என்பதை அது நிலைநாட்டியது.

இந்தியச் சட்டத்தின் போக்கும் அதுவே. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், வீட்டு வசதியின் மதிப்பை ஊதியக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று வரையறுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத்தொகுப்பும் வீட்டு வசதியின் மதிப்பை ஊதியத்திலிருந்து விலக்குகிறது. ஊதியத்திற்குப் பதிலாகப் பொருளாக எதையேனும் கொடுத்தாலும், மொத்த ஊதியத்தில் 15 விழுக்காடு வரைதான் அதை ஊதியமாகக் கருத முடியும். குறைந்தபட்ச ஊதியத்திற்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

சிகிச்சையில் இருப்பவரிடம் வேலை வாங்குவது இன்னும் கூர்மையான பிரச்சினை. மது, போதைப்பொருள் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் உள்ளடக்கும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அத்தகையோருக்குச் சிகிச்சை அளிக்கும் நிலையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும் என்கிறது. அதன் 20ஆம் பிரிவின்படி, அங்கே சிகிச்சை பெறுபவரை வேலை செய்யக் கட்டாயப்படுத்தக் கூடாது. செய்தால் தகுந்த ஊதியம் தர வேண்டும். மூன்று மாதச் சிகிச்சை முடிந்த ஒருவரை, ‘இங்கேயே இரு, சமையலறையைப் பார்த்துக்கொள்’ என்று நிறுத்திவைக்கும்போது, அவர் நோயாளியா, தன்னார்வலரா, பணியாளரா என்பது யாருக்கும் தெரியாத ஒரு மங்கலான காலம் தொடங்குகிறது. கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். சாப்பாட்டுத் தட்டும் அதேதான். மாறுவது வேலை மட்டுமே. எந்தத் தேதியிலிருந்து அவர் பணியாளர் என்பதை எழுத்தில் குறிப்பது அவருக்கும் பாதுகாப்பு, மையத்திற்கும் பாதுகாப்பு.

தொழில் தகராறுச் சட்டத்தின் பாதுகாப்பு பற்றியும் ஒரு சொல். 1978இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் ‘தொழில்’ என்பதை விரிவாக வரையறுத்ததால் பல தொண்டு நிறுவனங்களின் பணியாளர்களும் தொழிலாளர் நீதிமன்றம் செல்ல வழி இருந்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு, முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணி, சமூகப்பணி செய்யும் அமைப்புகளின் நிலையங்களை அந்த வரையறையிலிருந்து விலக்கிவிட்டது. மறுவாழ்வு மையப் பணியாளருக்கு இது உண்மையான இழப்பு. எழுத்து வடிவ ஒப்பந்தத்தின் தேவை இதனால் மேலும் கூடியிருக்கிறது.

வருமான வரியைப் பொறுத்தவரை, முதலாளி தரும் இலவச வீடு சம்பளத்தோடு சேரும் சலுகையாகக் கணக்கிடப்படுகிறது. 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, 2011 மக்கள்தொகைக் கணக்கில் 40 லட்சத்தைக் கடந்த நகரங்களில், முதலாளிக்குச் சொந்தமான வீட்டிற்குச் சம்பளத்தில் 10 விழுக்காடு மதிப்பிடப்படும். சென்னை இந்த வகையில் வருகிறது. மாதம் 25,000 ரூபாய் பெறுபவருக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வருமானத்தில் கூடும். இந்த அளவு வருவாயில் வரி கட்ட வேண்டிய நிலை வராது என்றாலும், கணக்கில் வீடு காட்டப்பட்டிருப்பதே பின்னாளில் ஒரு சான்றாகும்.

வெளியே தெரியாத இடர்கள்

மிஷனே வாடகைக்கு இருக்கும் வீட்டில் பணியாளர் குடியிருந்தால், மிஷனுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடியும்போது பணியாளரின் இருப்பும் ஆட்டம் காணும். வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வச் சம்மதமின்றி மிஷன் பிறரைக் குடிவைத்திருந்தால், உள்வாடகைக் குற்றச்சாட்டும் எழலாம். வெளிநாட்டு நன்கொடையை நம்பும் மிஷன்களுக்கு இன்னோர் இடரும் உண்டு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2020 திருத்தத்திற்குப் பின் நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. புதுப்பித்தல் தடைபட்டால் வாடகைப் பணமும் நின்றுவிடும். பணியாளர் செய்யாத பிழைக்கு அவர் வீடு பறிபோகிறது.

பணி ஓய்விலும் ஒரு சிக்கல் உண்டு. விதித்த காலத்தைத் தாண்டிக் குடியிருப்பில் தங்கிய பணியாளரிடம் அபராத வாடகையைப் பணிக்கொடையிலிருந்து சரிக்கட்டலாம் என்ற நிலைப்பாட்டை, ஸ்டீல் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா நிறுவனத்தின் வழக்கில் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எடுத்தது. பணிக்கொடை வரவில்லை என்பதற்காக வீட்டைப் பிடித்துவைப்பது, ஆகவே, பணியாளருக்கே பாதகமாக முடியலாம்.

வளாகத்துக்குள் வாழும் பெண் பணியாளர்கள் அறிய வேண்டியது, 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் ‘பணியிடம்’ என்பது உறைவிடத்தையும் உள்ளடக்கும் என்பது. பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் மையமானால், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் அளிக்கலாம். வேறு சமயத்தைச் சேர்ந்த செவிலியரோ ஓட்டுநரோ வளாக வீட்டில் குடியேறும்போது, காலை ஜெபத்தில் கலந்துகொள்வது குடியிருப்பின் நிபந்தனையா, வீட்டுக்குள் தம் வழிபாட்டைச் செய்யலாமா என்பதை முன்பே வெளிப்படையாகக் கேட்டுவிடுவது இரு தரப்புக்கும் மரியாதை.

எல்லாவற்றிலும் கொடிய இடர் மீண்டும் குடிக்கு வழுக்குவதுதான். தெளிந்து பணியாளரான ஒருவர் ஓர் இரவு குடித்துவிட்டால், மற்ற நோயாளிகளின் நலன் கருதி அவரை வளாகத்திலிருந்து அகற்ற மையத்திற்கு நியாயமான காரணம் உண்டு. ஆனால் அந்த இரவே அவர் தெருவுக்கு அனுப்பப்படுவாரானால், அடுத்து அவர் சேரும் இடம் டாஸ்மாக் கடை வாசலாகவே இருக்கும். மறுவாழ்வை நோக்கமாகக் கொண்ட அமைப்பு, தன் பணியாளரின் வழுக்கலை ஒழுங்கீனமாக மட்டும் பார்த்து, நோயாகப் பார்க்க மறுப்பது தன் நோக்கத்தையே மறுப்பதாகும்.

எழுதி வாங்க வேண்டியது

பணிநியமனக் கடிதத்திலிருந்து வேறாக, வீட்டு ஒதுக்கீட்டுக் கடிதம் என்று ஒரு பக்கம் இருக்க வேண்டும். அதில் கதவெண்ணும் மாடியும், கட்டடம் மிஷனுக்குச் சொந்தமா வாடகையா என்பதும், உடன் தங்கும் குடும்பத்தாரின் பெயர்களும், குடியேறிய நாளில் ஈ.பி. மீட்டரில் இருந்த அளவும், மின்கட்டணமும் குடிநீர் லாரிச் செலவும் யார் பொறுப்பு என்பதும், மின்விசிறி, கட்டில், கேஸ் அடுப்பு போன்ற பொருள்களின் பட்டியலும், வீட்டின் மதிப்பு குறைந்தபட்ச ஊதியத்தில் கழிக்கப்படாது என்ற உறுதியும் இடம்பெறலாம். வேலை முடிந்தால் காலி செய்ய எத்தனை நாள், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருந்தால் தேர்வு முடியும் வரை அவகாசம் உண்டா, பணியாளர் இறந்துவிட்டால் மனைவியும் பிள்ளைகளும் எத்தனை மாதம் இருக்கலாம், மீண்டும் குடிக்கு வழுக்கினால் வேறு மையத்தில் சிகிச்சை பெறும் காலத்தில் குடும்பம் வீட்டில் தொடரலாமா ஆகிய நான்கு கேள்விகளுக்கும் தெளிவாக விடை எழுதப்பட வேண்டும். வாடகை ஒப்பந்தம் இல்லாத பணியாளருக்கு, முகவரி மாற்றத்தின்போது கையில் காட்ட இந்தக் கடிதம் பயன்படும்.

கடிதம் கிடைக்காதவர்கள், வீட்டைப் பற்றிய செய்திகளைத் தொலைபேசியில் பேசி முடிக்காமல் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேட்டுப் பதில் பெற்று வைத்துக்கொள்வது நல்லது. அடாவடியாக வெளியேற்றும் முயற்சி நடந்தால், உள்ளூர்க் காவல் நிலையத்தில் மனு கொடுத்து அதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டுப் பெற வேண்டும். ‘இது சிவில் விவகாரம்’ என்று சொல்லப்பட்டாலும் அந்த ரசீது பின்னர் நீதிமன்றத்தில் சான்றாகும். வெளியேற்றத்தைத் தடுக்கத் தடையாணை கோரும் வழக்கு, மயிலாப்பூர் முதல் அடையாறு வரையிலான பகுதியினருக்கு, உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள நகர உரிமையியல் நீதிமன்றத்தில் தொடரப்படும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் இலவச வழக்கறிஞர் உதவி பெற உரிமையுடையவர்கள். அதற்கான உதவி எண் 15100. சிகிச்சையில் இருப்போரின் உரிமைகள் மீறப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடலாம்.

வெளியேற்றப்பட்ட ஒருவர், சமரசம் பேசலாம், பெரியவர்கள் வருவார்கள் என்று காத்திருக்கும் நாள்களும் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் தரும் ஆறு மாதக் கணக்கில்தான் சேர்கின்றன. அந்தக் கெடு கடந்துவிட்டால் 6ஆம் பிரிவின் வழி அடைபட்டுவிடும்.